நான் தீட்டாமல் வைத்திருந்த கத்தி

முரளி,

நேற்று மதியம் நீ போன் செய்தபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அது உனக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை வருகிறேன், அம்மாவைப் புனேக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றாய். அதோடு நிறுத்தாமல், "அவங்க பிடிவாதம்தாம்ப்பா எல்லாத்துக்கும் காரணம். கையில வெட்டுப்பட்டதை யாராவது மூணு நாள் மறைச்சு வைப்பாங்களா? இங்க வந்தா நான் சொல்றபடிதான் கேக்கணும்னு சொல்லி வைங்க" என்றாய். அம்மா எனக்கு எதிரே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். இடது கையின் மடங்காத கட்டைவிரலைக் காயின் மேல் கம்பு மாதிரி அழுத்திக்கொண்டு, வலது கையால் பிளந்து, ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டிருந்தாள். நீ சொன்னதையெல்லாம் கேட்டாள். நான் "சரிப்பா" என்றேன். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். திட்டுவாளோ, அழுவாளோ என்று காத்திருந்தேன். "தட்டு நிறைஞ்சு போச்சு, இன்னொண்ணு எடுத்துட்டு வாங்க" என்றாள்.

நான் சொன்ன அந்த "சரிப்பா"வைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் பிடிக்கும் என்று தெரியும். இங்கே பெஹாலாவிலேயே பிறந்து வளர்ந்து, வங்காள மொழியில் சண்டை போட்டு, இங்கிலீஷில் பரீட்சை எழுதியவன் நீ. ஆனால் இங்கிலீஷில் எழுதினால், ஆபீஸில் எழுதிப் பழகிய கை, "தவிர்க்க முடியாத சூழ்நிலை காரணமாக" என்று ஏதாவது ஒரு வரி போட்டுத் தப்பித்துவிடும். தமிழில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. எழுத்துக்கூட்டியாவது முழுவதையும் வாசித்துவிடு.

அம்மா எதையும் மறைக்கவில்லை. மறைத்தவன் நான்.

நீ வேலைக்குப் போன பிறகுதான் அம்மாவுக்கு முட்டி தேய்ந்துபோனது. தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அரிவாள்மணையைத் துடைத்துப் பரண்மேல் போட்டாள். அதுவரைக்கும் அவள் கையில் கத்தி பிடித்து நான் பார்த்ததில்லை. பாலிகஞ்சில் ஒரு பாத்திரக் கடையில் பெரிய கத்தி ஒன்றும் சின்னக் கத்தி ஒன்றும் வாங்கி வந்தோம். அறுபது வயதுக்கு மேல் நின்றுகொண்டு காய் வெட்டப் பழகினாள். முதலில் எல்லாம் பெரிசு பெரிசாக விழும். "சாம்பார்ல முருங்கைக்காயும் கத்தரிக்காயும் ஒரே சைஸ்ல இருக்கு" என்று நான்கூடக் கேலி செய்தேன். ஆறு மாதத்தில் பழகிவிட்டாள். அதற்குள் கத்தி மழுங்கிவிட்டது.

சனிக்கிழமைகளில் சாணை பிடிக்கிறவர் சைக்கிளில் வருவாரே, "ச்சுரி, காஞ்சி, ஷான்!" என்று கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் குரல் கொடுத்துக்கொண்டு, அவரை உனக்கு ஞாபகம் இருக்கும். இன்னமும் வருகிறார். அம்மா பால்கனியிலிருந்து கைதட்டி அவரை நிறுத்தினாள். கத்தியைப் பழைய துணியில் சுற்றிக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கப் போனாள். நான்தான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். "முப்பத்திரண்டு வருஷம் போர்ட்ல ஸ்டோர்ஸ் பார்த்தவன் வீட்டுக் கத்தியைத் தெருவுல கொடுத்து சாணை பிடிக்கிறதா? அந்த ஆள் சக்கரத்துல வெச்சுச் சூடேத்துவான். நுனி நீலமாகும். அதோட இரும்பு செத்துப்போச்சு. நான் பார்த்துக்கறேன், விடு" என்றேன். கீழே அவர் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டேன்.

நான் துறைமுக ஸ்டோர்ஸில் இருந்தது உண்மை. சாணைக்கல், அரம், உப்புத்தாள் என்று ஆயிரக்கணக்கில் என் கையெழுத்தில் வெளியே போயிருக்கின்றன. எந்தக் கல்லுக்கு எத்தனை நம்பர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு உளியைக்கூட நான் தீட்டியதில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். கத்தி தீட்டுவதற்கு என்னென்ன வகை இருக்கிறது என்று போனில் வீடியோ பார்த்தேன். மேஜையில் வைத்து, வி வடிவச் சந்துக்குள் கத்தியை இழுக்கிற சின்னச் சாமான் ஒன்று எல்லாக் கடையிலும் கிடைக்கும். அது கத்தி விளிம்பைச் சுரண்டி எடுத்துவிடும், கூடாது என்று தீர்மானித்தேன். வெறும் கல்லில் தேய்ப்பதற்குக் கை ஒரே சாய்வில் நிற்க வேண்டும். எனக்கு வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அதனால் அதுவும் வேண்டாம். கடைசியாகக் கத்தியைக் கிளாம்ப்பில் பிடித்துவைத்து, ஒரு கம்பியின் முனையில் கல்லை மாட்டி, வேண்டிய டிகிரியில் பூட்டிவிட்டுத் தேய்க்கிற சாதனம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன். சாய்வைக் கம்பி பார்த்துக்கொள்ளும், நம் கை தள்ளி இழுத்தால் போதும். இதுதான் நமக்கு என்று நினைத்தேன். உடனே வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. அதில் எத்தனை கம்பெனி, எத்தனை மாடல்! ஒன்றில் கத்தியைத் திருப்ப கிளாம்ப்பைக் கழற்ற வேண்டும், இன்னொன்றில் கிளாம்ப்பே சுழலும். ஒன்றில் வைரத்தூள் கல், இன்னொன்றில் தண்ணீர்க் கல். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு எழுதிக்கொண்டேன். பாலிகஞ்ச் கடைக்கு இரண்டு தடவை போய் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கிளாம்ப் ஆடுகிறது என்று குறை சொல்லிவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு நாளும் சாப்பிடும்போது அம்மாவிடம் விளக்குவேன். சமையல் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு இருபது டிகிரி போதும், ஜப்பான் கத்திக்குத்தான் பதினைந்து என்பேன். அவள் கேட்டுக்கொண்டே மோர் ஊற்றுவாள். ஒருநாள், "ஏங்க, டிகிரி எத்தனையா வேணாலும் இருக்கட்டும். எனக்குப் பரங்கிக்காய் வெட்ட வரமாட்டேங்குது. தோல் மேல வழுக்குது. அந்த சைக்கிள்காரர்கிட்டயே குடுத்துடறேனே?" என்றாள். "இன்னும் ஒரு வாரம்" என்றேன். இதை அவள் ஒரு தடவை கேட்கவில்லை. எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ ஒரு வீடியோ பாதியில் இருக்கும்.

துர்கா பூஜை சஷ்டி அன்றைக்கு மத்தியானம் அது நடந்தது. தெருமுனைப் பந்தலில் அப்போதுதான் டாக் மேளம் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். நான் ஹாலில் சோபாவில் இருந்தேன். கையில் போன். அதில் ஒரு வெள்ளைக்காரர் தக்காளியைக் காகிதம் மாதிரி சீவிக் காட்டிக்கொண்டிருந்தார். சமையலறையில் ஏதோ தரையில் உருண்ட சத்தம். பிறகு அம்மா, "கொஞ்சம் வாங்களேன்" என்றாள். சாதாரணக் குரல். போய்ப் பார்த்தால் அரைப் பரங்கி தரையில் கிடக்கிறது. அவள் இடது கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சிங்க் முழுக்கச் சிவப்பு. மழுங்கின கத்தி இறங்காதபோது வெட்டுகிறவர்கள் முழு உடம்பின் பாரத்தையும் அதன்மேல் போடுவார்கள். அது தோலில் வழுக்கி, காயைப் பிடித்திருந்த கையில் இறங்கிவிட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். கூரான கத்தி என்றால் நேர்க்கோடாகக் கீறியிருக்கும். இது கிழித்திருந்தது.

அப்போதே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். இருபது வருஷ சர்க்கரைக்காரி. காலில் ஒரு கொப்புளம் வந்தாலே காட்டச் சொல்லியிருக்கிறார்கள். நான் மஞ்சள் வைத்து, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டினேன். "பூஜை நேரம், எந்த டாக்டரும் இருக்கமாட்டான். ரத்தம் நின்னுடுச்சே" என்றேன். அது பொய் இல்லை, ஆனால் காரணமும் அது இல்லை. காரணத்தை இப்போதுதான் முதல் தடவை எழுத்தில் பார்க்கப்போகிறேன். டாக்டர், "எப்படி ஆச்சு?" என்று கேட்பார். அவள், "கத்தி மழுங்கிப் போச்சு டாக்டர்" என்பாள். நான் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் போகவில்லை. பயந்துபோய் இருந்தேன் என்று சொன்னால் நீ மன்னித்துவிடுவாய். பயம் இல்லை முரளி, வெட்கம்.

சப்தமியன்று கை வீங்கிவிட்டது. மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றினோம். சாயங்காலம் நீ வீடியோவில் வந்தாய். பூஜை எப்படி இருக்கிறது, பந்தலுக்குப் போனீர்களா என்று கேட்டாய். அம்மா கட்டுப்போட்ட கையைத் தூக்கி, "முரளி, இங்க பாருடா" என்று ஆரம்பித்தாள். நான் போனை அவள் கையிலிருந்து வாங்கி என் பக்கம் திருப்பிக்கொண்டேன். "அம்மா புதுப் புடவையைக் காட்டணுமாம், இங்க வெளிச்சம் இல்ல, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். வைத்த பிறகு அவளிடம், "புள்ளைய எதுக்குப் பயமுறுத்தறே? ஆயிரத்தைநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கான், அவன் என்ன பண்ண முடியும்?" என்றேன். நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அண்ணி முறை வைத்து நாங்கள் பௌதி என்கிற கீழ்வீட்டுக்காரிக்கு ஒரு போன் போட்டிருப்பாய். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அஷ்டமி அன்று பௌதி தானாகவே வந்தாள். நீ காகிமா என்று கூப்பிடுவாயே, அவளேதான். பந்தலில் பிரசாதமாகக் கொடுத்த போக் கிச்சடியைத் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்திருந்தாள். அம்மா ஜுரத்தில் கட்டிலில் படுத்திருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. நான் அதைக் காலையிலேயே பார்த்துவிட்டேன். ஒரு மாத்திரை கொடுத்திருந்தேன். பௌதி துணியை மெதுவாக விலக்கிப் பார்த்தாள். வாடை அடித்தது. தட்டைக் கட்டிலின் மேலேயே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "தாதா, ஆப்னி மானுஷ்?" என்றாள். அண்ணா, நீங்கள் மனுஷன்தானா என்று. முப்பது வருஷமாக என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள்.

ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வர முடியவில்லை. அஷ்டமிக் கூட்டத்துக்காக அன்று காலை கட்டின மூங்கில் தடுப்பு, இரண்டு பக்கமும் புதுத் துணி கட்டின கூட்டம். மெயின் ரோடு வரைக்கும் அம்மாவை நடத்திக் கூட்டிப்போனோம், ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் பௌதி. கூட்டத்தில் யாரும் கையில் இடித்துவிடக்கூடாது என்று பௌதி தன் புடவைத் தலைப்பால் அந்தக் கையை மூடி, முன்னால் வருகிறவர்களை எல்லாம் சத்தம் போட்டு விலக்கிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் அன்றைக்குச் சாயங்காலமே கையைத் திறந்து சுத்தம் செய்தார்கள். டாக்டர் வெளியே வந்து, "ரெண்டு நாள் முன்னாடி கொண்டுவந்திருந்தா ஆன்டிபயாடிக்கோட வீட்டுக்குப் போயிருப்பாங்க. ஏன் கொண்டுவரல?" என்று கேட்டார்.

செய்தி கேட்டு நீ நவமி அன்றைக்கு வந்து இறங்கினாய். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், வார்டுக்கு வெளியே என் சட்டையைப் பிடிக்காத குறையாக, "என்னப்பா இது? எப்படிப்பா இவ்வளவு தூரம் விட்டீங்க?" என்று கேட்டாய். நான், "அவ சொல்லவே இல்லடா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது. ஆனால் விழுந்ததை எடுக்கவும் இல்லை. நீ நம்பினாய். நேராக உள்ளே போய், ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தவளிடம், "ஏம்மா சொல்லல? ஏன் இப்படிப் பண்றே?" என்று அழுதாய். கதவு திறந்திருந்தது. நான் சொன்னதும் அவளுக்குக் கேட்டிருக்கும். உன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "தோணலடா" என்றாள்.

தசமியன்று ஆள்காட்டி விரலை எடுத்தார்கள். கட்டைவிரல் தப்பித்தது, மடங்காது. வெளியே ஊர்வலத்தில் சாமியைக் கரைக்க எடுத்துப்போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நீ ஜன்னலைச் சாத்தினாய்.

நீ திரும்பிப் போன பிறகு சமையல் என் வேலை ஆயிற்று. அந்தக் கத்தியைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. முதல் நாள் ஒரு வெங்காயத்தை வெட்ட முடியவில்லை. நசுங்கியது. இதை வைத்துக்கொண்டா இவள் இத்தனை நாள் சமைத்துப் போட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு மாதம் முடிவு செய்ய முடியாதவன் பத்து நிமிஷத்தில் ஆர்டர் போட்டேன், கைக்கு வந்த முதல் கிளாம்ப்-கம்பி சாதனத்தை. நோட்டைப் பார்க்கவே இல்லை. மூன்று நாளில் வந்துவிட்டது. நான் குறை சொன்ன அதே ஆடுகிற கிளாம்ப்தான். அடியில் ஒரு ரப்பர் துண்டு வைத்ததும் ஆட்டம் நின்றுவிட்டது.

பழகுவதற்கு மூன்று வாரம் ஆனது. கம்பி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன் இல்லையா, பார்த்துக்கொள்ளாது. கத்தியைக் கிளாம்ப்பில் கொஞ்சம் கோணலாகப் பிடித்தால் அடிப்பக்கம் ஒரு சாய்வு, நுனிப்பக்கம் ஒரு சாய்வு விழும். முதல் தடவை நுனியைத் தேய்த்து வட்டமாக்கிவிட்டேன். அழுத்தித் தேய்த்தால் சீக்கிரம் வரும் என்று அழுத்தினேன், கல்லில் பள்ளம் விழுந்தது. பக்கத்துக்கு நூறு தடவை தேய்த்தும் கூர் வரவில்லை. பிறகுதான் ஒரு காரியம் தெரிந்தது. மார்க்கர் பேனாவால் விளிம்பு முழுக்கக் கறுப்பு தீட்டிவிட்டு நாலு தடவை தேய்க்க வேண்டும். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. என் கத்தியில் விளிம்புக்கு மேலே அழிந்திருந்தது. விளிம்பில் மை அப்படியே இருந்தது. அதாவது இரண்டு வாரமாகக் கல் கூரைத் தொடவே இல்லை. டிகிரியைக் கூட்டினேன். கரடுமுரடான கல்லில் ஒரே பக்கமாகத் தேய்த்துக்கொண்டே போனால், மறுபக்கம் விரல் வைத்தால் மெல்லிய பிசிறு ஒன்று தட்டுப்படும். அது விளிம்பு முழுக்க வந்த பிறகுதான் திருப்ப வேண்டும். பிறகு அடுத்த கல், அதற்கும் மெல்லிய கல், கடைசியில் தோல் வாரில் பின்பக்கமாக இழுத்து அந்தப் பிசிறை எடுத்துவிட வேண்டும். முழுவதும் செய்ய எவ்வளவு நேரம் தெரியுமா? முக்கால் மணி. அவள் எட்டு மாதம் கேட்ட வேலை முக்கால் மணி நேரம்.

முதல் தடவை சரியாக வந்த அன்றைக்குப் பேப்பரை நீட்டி வைத்துக் கத்தியை வைத்தேன். சத்தமில்லாமல் இறங்கியது. சந்தோஷமாக இருந்தது, ஒளிக்கவில்லை. தக்காளி ஒன்றை எடுத்து வெட்டி, அந்தத் துண்டுகளைத் தட்டில் வைத்து அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் தட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். பிறகு, "இனிமே நீங்கதானே வெட்டணும், உங்களுக்கு சௌகரியம்" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அதோடு நிறுத்தத் தெரியவில்லை எனக்கு. கூராக இருந்த கத்தியையே வாரத்துக்கு இரண்டு தடவை மாட்டித் தேய்த்தேன். பௌதியின் வீட்டுக் கத்திகளைக் கேட்டு அனுப்பினேன், அவள் கொடுக்கவில்லை. லேக் மார்க்கெட்டில் நம் மளிகைக் கடைக்காரரின் கத்தியை வாங்கிவந்து தீட்டிக் கொடுத்தேன். அவர், "அண்ணே, பிரமாதம்" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறி வரும்போது கொஞ்ச நேரம் நான் நல்லவன் மாதிரி இருந்தது. வீட்டில் நான் மேஜையில் சாதனத்தை எடுத்துவைத்தால் அம்மா எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கல் இரும்பில் உரசும் சத்தம் அவளுக்கு ஆகவில்லை என்று நான் புரிந்துகொள்ளவே ஒரு மாதம் ஆயிற்று. அவள் அதைக்கூடச் சொல்லவில்லை. போன மாதம் ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு வந்து என் எதிரில் நின்றாள். "அந்தக் கத்தியைத் தேய்ச்சுத் தேய்ச்சு என்னத்த எடுக்கப் போறீங்க? என் விரல் அதுக்குள்ள இல்ல" என்றாள். அன்றைக்குச் சாதனத்தைப் பெட்டியில் போட்டு வைத்தேன். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் எடுப்பதில்லை. கத்தி மழுங்கும்போது மட்டும் எடுக்கிறேன், அவள் பௌதி வீட்டுக்குப் போயிருக்கும் சமயம் பார்த்து.

உனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது. அப்பா என்ற முறையில் உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உன் பெண்டாட்டி ஒரு சின்ன விஷயத்தை இரண்டாவது தடவை கேட்டால், கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்திரு. உனக்குச் செய்யத் தெரியாவிட்டால், தெரிந்தவரைக் கூப்பிட விடு. "நான் பார்த்துக்கறேன்" என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த சைக்கிள்காரர் ஐந்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்திருப்பார். இரும்பு கொஞ்சம் நீலமாகியிருக்கும். ஆகட்டுமே. நான் அந்த வேலையைச் செய்யவில்லை என்பது மட்டும் இல்லை, செய்ய வந்தவரையும் திருப்பி அனுப்பினேன். உன்னிடத்திலும் இந்தக் குணம் இருக்கிறது. புனே வீட்டில் குளியலறைக் குழாயை நீயே மாற்றுவதாகச் சொல்லி அதன் கீழே ஒரு வாளியை வைத்திருந்ததை நான் பார்த்தேன். எதுவும் சொல்லவில்லை, பெருமையாகக்கூட இருந்தது. பிளம்பரைக் கூப்பிடு.

சனிக்கிழமை வா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. அவளுக்கு உன்னிடம் வர ஆசை இருக்கிறதா என்று அவளைக் கேட்டு முடிவு செய், என்னைக் கேட்டு வேண்டாம். அவளிடம் நீ பேசின பேச்சுக்கு மன்னிப்புக் கேள். உண்மை தெரியாமல் பேசினாய், ஆனாலும் கேள். என்னையும் கூட வரச்சொல்லாதே. சொல்லத் தோன்றாது என்று நினைக்கிறேன்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு இன்று காலை அம்மாவை எதிரில் உட்காரவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். முடித்துவிட்டு, "அனுப்பிடட்டுமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு விட்டுட்டீங்க" என்றாள்.

"எது?"

"சப்தமி அன்னிக்குக் காலைல நான் செருப்பு போட்டுக்கிட்டுக் கீழ இறங்கிப் போனேனே. அது இல்ல இதுல."

"மறந்துட்டேன்" என்றேன்.

"மறக்கல" என்றாள்.

மறக்கவில்லைதான். சப்தமி காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது அவள் வீட்டில் இல்லை. பால்கனிக்கு வந்து பார்த்தேன். கைப்பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு, வீங்கின கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக வாசலில் ஆட்டோவை நிறுத்தியிருந்தாள். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். நான் மேலேயிருந்து கத்தினேன். "எங்க கிளம்பிட்டே? நல்ல நாளும் அதுவுமா கையைத் தூக்கிக்கிட்டு ஊரைக் கூட்டப் போறியா? ஏறி வா மேல!" தமிழில்தான் கத்தினேன், ஆனால் புதுத் துணியில் பந்தலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஆட்டோக்காரர் திரும்பி அவளிடம் ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். காலை வெளியே எடுத்தாள். அந்த முட்டியோடு மூன்று மாடியும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறைக்குள் போய், ஒரு கையால் அடுப்பைப் பற்றவைத்து எனக்குக் காபி போட்டாள்.

இதை எழுதும்போது அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "காபி போட்டதையும் எழுதணுமா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க" என்றாள்.

அப்பா